வாசல் தோட்டம்: பங்குனியில் பூத்த மல்லி, சித்திரையைத் தாண்டுமா?

சாயங்காலம் ஐந்து மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. பங்குனி மாதம் இந்த நேரத்துக்குக் குமாரலிங்கபுரம் வட்டாரத்து வீட்டு வாசல்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். கையில் ஒரு கிண்ணத்தோடு மல்லிச் செடியைச் சுற்றி வருவார்கள். நாளைக்கு விரியப்போகும் பச்சை மொட்டை விட்டுவிட்டு, இன்றைக்கு விரியப்போகும் வெள்ளை மொட்டை மட்டும் பறிப்பார்கள். கிண்ணம் நிறைவதற்குள் பக்கத்து வாசலிலிருந்து குரல் வந்துவிடும்.

"மதினி, இன்னைக்குப் பூ இருக்கா?"

"ரெண்டு முழம் தேறும். பிள்ளைக்கு வச்சுவிட வா."

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே செடி சித்திரை பிறந்து மூன்று வாரத்தில் எப்படி இருக்கும்? இலை பழுத்து, மொட்டு கருகி, அடியில் மண் வெடித்து நிற்கும். "போன வருஷம் நல்லாத்தான் பூத்துச்சு. கோடையில போயிருச்சு" என்பது இந்தப் பக்கத்தில் பூச்செடி வைத்த ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்கும் வாக்கியம்.

ஏன் போகிறது? எதைச் செய்தால் நிற்கும்? எந்தச் செடியை இந்த மண்ணில் வைக்கலாம், எதை வைத்து ஏமாறக் கூடாது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நம்ம ஊர் வசந்தம் எது?

தமிழில் ஆறு பெரும்பொழுதுகள். அதில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கு நடுவில்தான் அக்னி நட்சத்திரம் வருகிறது. மே 4 வாக்கில் தொடங்கி மே மாதக் கடைசி வரை கத்திரி வெயில் போடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில் அதை வசந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே பூச்செடிக்கு உண்மையான வசந்தம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முதல் வாரம் வரைதான். பனி விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணின் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். மல்லி மொட்டு வைக்க இதுதான் சரியான பருவம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வருவதும் இந்தக் காலத்தில்தான். பூவுக்குத் தேவை இருக்கும் நேரத்தில் வீட்டுச் செடியும் பூக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதன்பிறகு அடுத்த மழை வரை செடிக்குக் கிடைப்பது நாம் ஊற்றும் தண்ணீர் மட்டுமே. குமாரலிங்கபுரத்து வீட்டுத் தோட்டத்தின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

குமாரலிங்கபுரம் என்ற பெயர் சில ஆண்டுகளுக்கு முன் நாடு முழுக்கச் செய்திகளில் வந்தது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பருத்திக்குப் பேர்போன கரிசல் பூமி என்பதால் ஜவுளிக்கு இந்த இடம் பொருத்தம்தான். பருத்தியை வளர்க்கும் அதே கரிசல்தான் வாசலில் மல்லி வைப்பவரைத் திணறவும் வைக்கிறது.

தங்கச்சிமடத்திலிருந்து வரும் பதியன்

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியின் நாற்று பெரும்பாலும் மதுரையில் உருவாவதில்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் பகுதியில்தான் மல்லிப் பதியன்கள் பெருமளவில் தயாராகின்றன. அந்த மணற்பாங்கான மண்ணில் குச்சி சீக்கிரம் வேர் விடும். அங்கிருந்து பல மாவட்டங்களுக்கும் போகிறது. நம் வாசலுக்கு வரும் குண்டுமல்லிச் செடியும் அந்த வழியில் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதே இனம்தான் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலர். 1934-லேயே அறிவித்துவிட்டார்கள். அங்கே அதன் பெயர் சம்பகீதா. ஆனால் அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. இங்கே பிரச்னையே அதுதான்.

மணலில் வேர் விட்ட செடி கரிசலுக்கு வரும்போது முதல் சிக்கல் தொடங்குகிறது. கரிசல் மண் ஈரமானால் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காமல் வேர் மூச்சு முட்டும். கோடையில் வெடிப்பு விழுந்து மெல்லிய வேர்களை அறுத்துவிடும். வெடிப்பு வழியாக உள்ளே இருக்கும் ஈரமும் ஆவியாகிப் போகும்.

அதனால் கரிசல் தரையில் மல்லி வைப்பவர்கள் குழியை நன்றாக அகலப்படுத்தி, தோண்டிய கரிசலோடு செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புவது நல்லது. தொட்டி என்றால் கரிசலே வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு போதும். பெயின்ட் வாளியில் வைப்பவர்கள் அடியில் நான்கைந்து துளை போட மறக்கக் கூடாது. மண் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. வேர் குளிர்ச்சியாக இருக்கும். பக்கத்தில் மானாமதுரை இருக்கும்போது மண் தொட்டிக்கு என்ன குறை?

பூத்த வீடும் பூக்காத வீடும்

ஒரே தெருவில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு மல்லிச் செடி. ஒரு வீட்டில் கிண்ணம் நிறையப் பூ. இன்னொரு வீட்டில் செடி புதர் மாதிரி வளர்ந்து நிற்கிறது, மொட்டு மட்டும் இல்லை. பல நேரம் இதற்குக் காரணம் கார்த்திகையில் நடந்திருக்கும் அல்லது நடக்காமல் போயிருக்கும்.

மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கொடியை வெட்டிவிட்டால்தான் புதுத் தளிர் வரும். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்ட வேண்டும் என்பதுதான் பரிந்துரை. செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழுவுரம் வைக்க வேண்டியதும் அப்போதுதான். அப்படிச் செய்த செடி மாசிக் கடைசியில் மொட்டுக் காட்டும். மார்ச் முதல் ஜூலை வரை பூக்கும்.

ஆனால் கார்த்திகையில் செடி எப்படி இருக்கும்? மழையில் நனைந்து கரும்பச்சையாகத் தழைத்திருக்கும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் சுமந்து வளர்த்த செடியை அந்த அழகில் வெட்ட யாருக்குக் கை வரும்? "மழையில இப்பத்தான் துளுத்திருக்கு, இதப் போயி வெட்டச் சொல்றீங்களே" என்பார்கள். அந்தப் பாசம்தான் பங்குனியில் பூ இல்லாமல் நிறுத்துகிறது.

இரண்டாவது காரணம் நிழல். கோடையில் வாடுகிறதே என்று தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பார்கள். மல்லிக்கு நேரடி வெயில் வேண்டும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரமாவது படாத மல்லி இலையைத்தான் தரும்.

மூன்றாவது காரணம் யூரியா. வயலுக்கு வாங்கியதில் மிச்சம் ஒரு கை அள்ளிப் போட்டால் இலை மட்டும் தழைக்கும். மொட்டு குறையும். மல்லிக்குத் தழைச்சத்தைவிட மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இரு மடங்கு வேண்டும். அடுப்புச் சாம்பலை இங்கே அள்ளிப் போட வேண்டாம். ஏற்கெனவே களர்த்தன்மை உள்ள மண்ணில் அது இன்னும் சேரும்.

மொட்டு ஏன் சிவக்கிறது?

நன்றாகக் கவாத்து செய்து, உரம் வைத்து, மொட்டும் வந்துவிட்டது. ஆனால் விரிவதற்கு முன்னால் மொட்டு ஊதா கலந்த சிவப்பாக மாறி, காய்ந்து உதிர்கிறது. வெயிலில் கருகியது என்று நினைத்துக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வெயில் வேலை இல்லை. மொட்டு ஈ. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஈ மொட்டில் முட்டையிடும். உள்ளே வரும் புழு மொட்டின் அடியைத் தின்னும். பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும்.

இது தெரிந்தால் வைத்தியமும் தெரிந்துவிடும். சிவந்த மொட்டுகளை உதிரும் வரை விடாமல் பறித்து எரித்துவிட வேண்டும். குப்பையில் போட்டால் மறுபடி வந்துவிடும். செடியின் அடிமண்ணை வாரம் ஒரு முறை லேசாகக் கொத்திக் கிளறினால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு வெயிலில் காயும்.

மொட்டில் ஓட்டை இருந்து, பக்கத்து மொட்டுகளோடு நூலாம்படை மாதிரி பின்னியிருந்தால் அது மொட்டுப்புழு. அந்தக் கொத்தையே கிள்ளி எறிந்துவிடலாம்.

இலையின் மேலே வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய வலை என்றால் செஞ்சிலந்திப் பேன். வறண்ட வெயில் அதற்குக் கொண்டாட்டம். பங்குனி, சித்திரையில் இலை வெளிறிப் போனால் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதிப் பிரச்னை போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும்.

தலையில் வைக்கும் பூ, சாமிக்குப் போடும் பூ, குழந்தை கையில் எடுக்கும் பூ. வயலுக்கு அடிக்கும் மருந்தை வாசல் செடிக்கு அடிக்க வேண்டியதே இல்லை.

மஞ்சள் இலையும் அன்னபேதியும்

இந்த வட்டாரத்தில் அதிகம் பேரைக் குழப்பும் விஷயம் மஞ்சள் இலை. தண்ணீர் குறைவா, அதிகமா, நோயா? அடையாளம் சுலபம். புதுத் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. கரிசலில் சுண்ணாம்பும் களர்த்தன்மையும் இருப்பதால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கையில் பணம் இருந்தும் ஏடிஎம் வேலை செய்யாத நிலைமை.

இதற்கு மருந்து நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற பெயரில் கிடைக்கும் பெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் கரைத்து, இலையில் தெளிக்க வேண்டும். மாதம் ஒரு முறை, இலை பச்சைக்குத் திரும்பும் வரை. தண்ணீரில் முதலில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக்கொண்டால் உப்பு கலந்த தண்ணீரில் திரிந்து போகாது. சுவரிலும் துணியிலும் பட்டால் துருக்கறை படியும், கவனம்.

கீழ் இலைகள் மட்டும் பழுத்து உதிர்ந்தால் அது வேறு. சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், அல்லது வேர் அழுகலாக இருக்கலாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சகதியாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்.

சந்தேகம் தீராவிட்டால், அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட கிளையை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டினால், உரக்கடையில் கேட்டு ஏதோ ஒரு டப்பா வாங்கி வருவதைவிட நல்ல பதில் கிடைக்கும்.

உப்புத் தண்ணீர் என்னும் பெரிய எதிரி

பூச்சியையும் மஞ்சள் இலையையும் சமாளித்துவிடலாம். தண்ணீர்?

அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் நகரங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. அது குடிக்க. பல கிராமங்களில் மற்ற புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணறுதான். அதில் வருவது உப்புத் தண்ணீர். சோறு வைத்தால் மஞ்சளாகும் அந்தத் தண்ணீரைத்தான் செடியும் குடிக்கிறது.

உப்புத் தண்ணீர் முதல் நாளே செடியைக் கொல்லாது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தண்ணீர் ஆவியாகி, உப்பு மண்ணில் தங்கும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். கொஞ்ச நாளில் இலையின் நுனியும் ஓரமும் காய்ந்த காகிதம் மாதிரி கருகும். கருகுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுவோம். கோடையில் மல்லி போவதற்கு வெயிலைவிட இது பெரிய காரணம்.

என்ன செய்யலாம்? தினம் ஒரு செம்பு தெளிப்பதை நிறுத்துங்கள். மேல்மண் மட்டும் நனைந்து உப்பு மேலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, தொட்டியின் அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீர் ஒரு குடம் கிடைத்தால் அதைச் செடிக்குக் கொடுங்கள். கோடை மழை ஒன்று வந்தால் தொட்டிகளைத் திறந்த வெளிக்கு இழுத்துவிடுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் நல்லது. சோற்று வடிகஞ்சியில் உப்புப் போட்டிருந்தால் வேண்டாம். துணி துவைத்த தண்ணீர் மல்லிக்குக் கூடாது. சோப்புத் தூளில் உள்ள சோடியம் கரிசலை இன்னும் இறுக்கிவிடும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அது வெளியே தள்ளும் தண்ணீர் 'வீணாகப் போகிறதே' என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் அதிகம். உப்பை வடிகட்டித் தள்ளிய தண்ணீர் அது. ஏற்கெனவே உப்பான ஊரில் அது இரட்டை உப்பு. வாசல் தெளிக்க, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் வந்த ரோஜா

பங்குனி மாதம் தெருவில் பூச்செடி வண்டி வரும். ஒவ்வொரு செடியிலும் கை அளவு ரோஜா. பேரம் பேசி இரண்டு வாங்குவார்கள். முதல் மாதம் பூக்கும். இரண்டாம் மாதம் பூ சிறுக்கும். ஆறாம் மாதம் செடி வேகமாக வளர்ந்து நிற்கும், ஆனால் ரோஜாவே வராது. "ஏமாத்திட்டான்" என்று வண்டிக்காரருக்குத் திட்டு விழும்.

நடந்தது வேறு. அவை பெரும்பாலும் ஒட்டு ரோஜா. அடியில் ஒரு காட்டு ரோஜாவின் வேர். அதன் மேல் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுப் போட்ட இடம் ஒரு முடிச்சு மாதிரி தெரியும். அந்த முடிச்சுக்குக் கீழே இருந்து வரும் தளிர் காட்டு ரோஜாவுடையது. அதை விட்டுவிட்டால் அது எல்லாச் சத்தையும் எடுத்துக்கொண்டு மேலே இருக்கும் நல்ல ரகத்தைச் சாகடித்துவிடும். கீழே வரும் தளிரை வந்த அன்றே கிள்ளி எறிவது ஒன்றுதான் வழி. நடும்போது முடிச்சை மண்ணுக்குள் புதைக்கவும் கூடாது.

வாங்கிய அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றி உச்சி வெயிலில் வைப்பதும் தவறு. குளிர்ந்த ஊரில் வளர்ந்த செடி அது. பத்து நாள் அரை நிழலில் பழக்கிவிட்டு, பிறகு காலை வெயிலுக்கு மாற்றுங்கள். உண்மையைச் சொன்னால், இந்த ஊரில் ரோஜா வாங்க நல்ல மாதம் பங்குனி இல்லை, ஐப்பசி மழை விட்ட பிறகுதான்.

செம்பருத்தி சொன்ன பாடம்

வாசலில் செம்பருத்தி வைத்தவர்களுக்கு 2009, 2010 கோடை நினைவிருக்கும். தளிரெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது மாதிரி மாவுப்பூச்சி. செம்பருத்தியை வேரோடு பிடுங்கி எறிந்த வீடுகள் எத்தனையோ. அது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, தமிழ்நாடு முழுக்கப் பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. எத்தனை மருந்து அடித்தும் மெழுகுப் பூச்சுக்குள் இருந்த பூச்சி சாகவில்லை.

கடைசியில் அடக்கியது மருந்து இல்லை, ஒரு குளவி. கொசுவைவிடச் சிறியது. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்து பெருக்கி, தமிழ்நாட்டில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்றுவிடும் குளவி. சில மாதங்களில் மாவுப்பூச்சி பெருமளவு அடங்கியது.

வாசல் தோட்டத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி நல்ல பூச்சிகள்தான். இப்போதும் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும். தெரிந்த உடனே அந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி, வேப்பெண்ணெய் தெளித்தால் போதும். செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

கேட்காமல் பூக்கும் செடிகள்

எல்லாமே கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மண்ணுக்கென்றே சில செடிகள் உண்டு.

அரளி: அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி சாலையில் நடுத்திட்டைக் கவனித்திருப்பீர்கள். லாரிப் புகை, வெயில், வறட்சி எதற்கும் அசையாது. உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். ஆடு, மாடு கட்டும் இடத்திலும் சின்னக் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம்.

காகிதப்பூ: அதிகம் தண்ணீர் ஊற்றினால் இலைதான் வரும். கொஞ்சம் வாடவிட்டால் பூத்துக் குலுங்கும். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு ஏற்ற செடி.

பத்து மணிப் பூ: டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். ஒரு துண்டு கிள்ளி நட்டால் போதும். வெயில் ஏற ஏறத்தான் விரியும். உடைந்த குடம், தேங்காய்த் தொட்டி என எதிலும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதன்முதலாக வளர்க்க இதைவிட நல்ல செடி கிடையாது.

நந்தியாவட்டை: ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் ஆண்டு முழுக்கச் சாமிக்குப் பூ.

கனகாம்பரம்: அரை நிழல் போதும். வேப்பமரத்தடியில்கூட வரும். டெல்லிக் கனகாம்பரம் என்ற ரகம் விதை வைக்காது. குச்சி வெட்டித்தான் நட வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பூ வாடாமல் இரண்டு நாள் இருக்கும் என்பதால் கட்டி வைக்க வசதி.

ஒரு குடம் கணக்கு

சித்திரையில் பல வீடுகளில் ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். குழாய்த் தண்ணீர் தள்ளித் தள்ளி வரும். கிணறு உள்வாங்கும். பத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த வீட்டில் நான்குக்குத்தான் தண்ணீர் இருக்கும். எதை விடுவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடம் சுமார் 15 லிட்டர். ஒரு மல்லிக்கு ஒரு தடவைக்கு ஐந்து லிட்டர் என்றால், ஒரு குடத்தில் மூன்று செடி. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு குடம் ஒதுக்க முடிந்தால் மூன்று மல்லியைக் கோடை தாண்ட வைக்கலாம். அதே ஒரு குடத்தைப் பத்துச் செடிக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். பத்தும் குற்றுயிராக நின்று, ஒவ்வொன்றாகப் போகும். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்து எல்லாவற்றையும் இழப்பது இப்படித்தான்.

முதலில் காகிதப்பூவையும் அரளியையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். தரையில் வேர் பிடித்தவை தாங்கிக்கொள்ளும். பத்து மணிப் பூ போனாலும் கவலையில்லை; ஒரு துண்டைக் காப்பாற்றினால் மழைக்குப் பின் மறுபடி வந்துவிடும். தண்ணீர் முழுக்கப் போக வேண்டியது பல ஆண்டு வளர்ந்த மல்லிக்குத்தான். அதுதான் மறுபடி வாங்கினாலும் அந்த நிலைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு எடுக்கும் செடி.

ஊற்றிய தண்ணீர் நிற்க மூடாக்குப் போடுங்கள். நிலக்கடலைத் தொலி, சோளத்தட்டை, தென்னை மட்டை நார் என இந்தப் பக்கத்தில் கிடைப்பது எதுவானாலும் சரி. அடியில் மூன்று அங்குலத்துக்குப் பரப்பிவிட்டால் மண் வெடிக்காது. மொட்டு ஈ இருக்கும் செடிக்கு மட்டும், அடிமண்ணைக் கிளறிக் காயவிட்ட பிறகு மூடாக்குப் போடுங்கள். ஊற்றுவது விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் பழைய வேட்டியோ சேலையோ கட்டிவிட்டால் உச்சி வெயில் தாக்கம் குறையும்.

பூவுக்குக் காசு கொடுப்பவர்களுக்கு இது தெரியும். முகூர்த்த நாளில் மல்லி விலை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரங்களைத் தொடும். வாசலில் மூன்று மல்லி நின்றால் பங்குனி முதல் ஆடி வரை அந்த வீட்டில் பூவுக்குக் கையேந்த வேண்டியதில்லை. மிச்சத்தைத் தொடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துச் சில்லறை பார்க்கிற பெண்களும் இருக்கிறார்கள். அந்தச் சில்லறையை அவர்கள் யாரிடமும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

* மல்லியில் சிவந்த மொட்டு இருந்தால் பறித்து எரியுங்கள். அடிமண்ணைக் கிளறிவிடுங்கள்.
* தளிர் மஞ்சளாக, நரம்பு பச்சையாக இருந்தால் அன்னபேதிக் கரைசல் தெளியுங்கள்.
* தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்திருந்தால் மேல்மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண்ணும் தொழுவுரமும் போடுங்கள்.
* ரோஜாவில் ஒட்டு முடிச்சுக்குக் கீழே தளிர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
* அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே மூடாக்குக்கு வேண்டியதைச் சேர்த்து வையுங்கள்.
* எந்தச் செடிகளைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.
* நவம்பர் கடைசி வாரத்தில் 'மல்லி வெட்ட வேண்டும்' என்று செல்போனில் இப்போதே நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

குமாரலிங்கபுரம் பக்கம் இந்த மாதம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒன்று பூத்திருக்கிறது. தெருமுனை வேப்பமரம். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து வைத்தால் காலையில் பூ கொட்டிக் கிடக்கும். அள்ளிக் காயவைத்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், அதன்பிறகு ஆண்டு முழுக்க ரசத்துக்கும் ஆகும். மல்லிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அதையும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.